வெள்ளலூர் மண்ணில் ஒரு ரோமாபுரி ராஜா

சிவகாசி சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்களுக்குத் தீப்பெட்டிப் படம் சேர்ப்பதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஆனைக்குட்டத்திலும் அப்படித்தான். ஒரே மயில், ஒரே சிங்கம், ஒரே தலைவர் படம். ஆனால் அச்சில் ஒரு கோடு கூடக்குறைய இருந்தால் அது வேறு படம், அதன் மவுசே தனி!

இதே பைத்தியம் உலகத்தில் பெரிய மனுஷர்களுக்கும் உண்டு. அவர்கள் சேர்ப்பது பழைய ரோமானியக் காசுகள், அதுவும் அவற்றிலுள்ள சக்கரவர்த்திகளின் முகத்துக்காக. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் தாம் சேர்த்த காசுகளில் சிலவற்றை 1354-ல் நான்காம் சார்லஸ் மன்னருக்குக் கொடுத்து, இந்த முகங்களைப் பார்த்து இவர்களைப் போல் ஆளப் பாருங்கள் என்று புத்தி சொன்னாராம். ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரை பன்னிரண்டு பேரின் முகத்தையும் வரிசையாகச் சேர்த்துவிட வேண்டும் என்பது இன்றைக்கும் பலருடைய ஆசை. மூன்றே மாதம் ஆண்ட ஓத்தோவின் காசு குதிரைக்கொம்பு. சுலபமாக அகப்படுகிறவர்களில் ஒருவர் திபேரியஸ். பைபிளில் திபேரியு ராயன் என்று வருகிறவர் இவர்தான்.

நான் இவரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. 1842-ல் கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி திபேரியஸ் காசு. மீதியில் அநேகமாக எல்லாம் அவருக்கு முன் ஆண்ட அகஸ்டஸ் காசு. தமிழ்நாட்டில் அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ் காசில் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் கேடயத்தோடு நிற்கும் இரண்டு இளைஞர்கள். அந்த இருவரும் யார் என்று தெரிந்தால் திபேரியஸின் கதையில் பாதி தெரிந்த மாதிரி.

திபேரியஸ் பிறந்தது கி.மு. 42-ல். நாலு வயசு ஆவதற்குள் தாய் லிவியா அவன் அப்பாவை விட்டு, பின்னால் அகஸ்டஸ் என்று பேர் வாங்கிய ஆக்டேவியனை மணந்துகொண்டாள். பையன் அரண்மனையில் வளர்ந்தான், ஆனால் வாரிசாக அல்ல. அகஸ்டஸுக்கு வேலை செய்ய ஆள் வேண்டும்; செய்தான். ஆல்ப்ஸ் மலை, டான்யூப் கரை, ஜெர்மனி என்று போன இடமெல்லாம் ஜெயம்.

வீட்டில்தான் இடி விழுந்தது. மனைவி விப்சானியா, தளபதி அக்ரிப்பாவின் மகள். ரொம்பப் பிரியமான ஜோடி. அக்ரிப்பா இறந்தார்; அகஸ்டஸின் மகள் ஜூலியா விதவையானாள். உடனே அகஸ்டஸ், விப்சானியாவைத் தள்ளிவிட்டு ஜூலியாவைக் கட்டச் சொல்லிவிட்டார். அதாவது, சொந்த மாமனாரின் விதவையை! அப்போது விப்சானியா கர்ப்பிணி. திபேரியஸ் கீழ்ப்படிந்தார். பிற்பாடு ஒரு நாள் தெருவில் அவளைப் பார்த்துவிட்டு, கண்ணீரோடு பார்த்துக்கொண்டே பின்னால் போனாராம். அதற்கப்புறம் அவள் அவர் கண்ணிலேயே படாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார்.

இப்போது அந்தக் காசுக்கு வருவோம். கேடயத்தோடு நிற்பவர்கள் கையஸ், லூசியஸ். ஜூலியா பெற்ற பிள்ளைகள். தாத்தா அகஸ்டஸ் அவர்களைத் தத்தெடுத்து வாரிசாக்கினார். திபேரியஸ் கி.மு. 6-ல் எல்லாவற்றையும் உதறிவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய்விட்டார். ஏழெட்டு வருஷம். திரும்பி வர அனுமதி கேட்டபோதும் முதலில் கிடைக்கவில்லை. கி.பி. 2-ல் லூசியஸும் 4-ல் கையஸும் செத்தார்கள். வேறு வழியில்லாமல் அகஸ்டஸ் திபேரியஸைத் தத்தெடுத்தார். கி.பி. 14-ல் அவர் சக்கரவர்த்தியானபோது வயது 55-ஐத் தொட்டிருந்தது. ஆசைப்பட்ட காலம் எல்லாம் போய், கடைசியில் கிடைத்த நாற்காலி.

அவருடைய வெள்ளி தினாரியஸைப் பற்றி நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் சொல்கிறேன். கீழ் டை பட்டறைக்கல்லில் பதிந்திருக்கும், அதில் முகம். மேல் பஞ்ச் ஒருவர் கையில். நடுவில் வெள்ளித்துண்டு. சம்மட்டியால் ஒரு போடு, அவ்வளவுதான்! டை எல்லாம் கையால் வெட்டியது, அதனால் ஒவ்வொன்றிலும் முகம் சற்றே வேறு. சேகரிப்பவர்களுக்கு அதில்தான் ருசி. மறுபக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண். பலர் லிவியா என்கிறார்கள். இருபத்திரண்டு வருஷ ஆட்சியில் இந்த அமைப்பு ஏறக்குறைய மாறவே இல்லை. நாற்காலிக் கால் அலங்காரத்தை வைத்துத்தான் முந்தியது பிந்தியது என்று பிரிக்கிறார்கள். திடீர் திடீரென்று முகத்தில் பரு வரும் என்று சூட்டோனியஸ் சொல்கிறார். காசில் ஒரு பருவையும் காணோம்.

அவருக்கு ஆடம்பரம் ஆகாது. ஸ்பெயின்காரர்கள் கோயில் கட்டக் கேட்டபோது மறுத்தார். செப்டம்பருக்குத் தன் பெயர் வைக்கவும் விடவில்லை. கி.பி. 17-ல் ஆசியாவில் பன்னிரண்டு நகரங்கள் பூகம்பத்தில் இடிந்தபோது பணம் கொடுத்தார். 33-ல் ரோமில் கையில் காசில்லாமல் ஜனங்கள் திண்டாடியபோது 10 கோடி செஸ்டர்ஸை மூன்று வருஷத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தார். (நம்ம ஊர் கந்துவட்டிக்காரர்கள் கவனிக்க!) அதற்காக நல்லவர் என்று சர்டிபிகேட் கொடுக்க நான் வரவில்லை. 26-க்குப் பிறகு காப்ரி தீவில் ஒதுங்கிக்கொண்டு ஆட்சியை செஜானஸ் கையில் விட்டார். 31-ல் செஜானஸைக் கொன்றார். தொடர்ந்து ராஜத்துரோக வழக்குகளில் பலர் மடிந்தார்கள். அகஸ்டஸ் முகம் பதித்த காசோடு கக்கூஸுக்குப் போனால்கூட மரண தண்டனைக் குற்றம் என்ற நிலை வந்ததாம். 37 மார்ச்சில் அவர் கண்ணை மூடியபோது ரோமில் ஜனங்கள் கொண்டாடினார்கள். கஜானாவில் 270 கோடி செஸ்டர்ஸ் இருந்தது. அடுத்து வந்த கலிகுலா ஒரே வருஷத்தில் காலி செய்தான்.

கி.பி. 22-ல் திபேரியஸ் செனட் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண்களின் ரத்தின மோகத்தால் நம் பணம் அந்நிய தேசங்களுக்கு, எதிரிகளுக்கும்கூடப் போகிறதே என்று அதில் அலுத்துக்கொண்டதாக டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பணத்தில் எவ்வளவு நம் மிளகுக்கும் முத்துக்கும் கொங்குநாட்டுப் பச்சைக்கல்லுக்கும் வந்ததோ! வந்த காசை நம்மாட்கள் சும்மா வாங்கவில்லை. கி.பி. 64-ல் நீரோ, ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்து, சுத்தத்தையும் குறைத்தான். அப்படிப்பட்ட காசு இங்கே கிடைப்பது அபூர்வம். பழைய திபேரியஸ் காசைத்தான் விரும்பி வாங்கினார்கள் என்று தோன்றுகிறது. புதுக்கோட்டை பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தி முகத்தின் மேலேயே உளியால் ஒரு வெட்டு. திபேரியஸும் தப்பவில்லை. இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக எடை போட்டுத்தான் வாங்கவேண்டும் என்பதற்காக வெட்டியது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ரோமானியக் காசுகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கண்மாயில் கரம்பை அள்ளும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ காசு ஏதும் அகப்பட்டால் உருக்கிவிடாதீர்கள். 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். கொடுக்கிறதுக்கு முன்னாடி முகத்தை ஒரு தடவை நல்லாப் பாருங்க. நேரான மூக்கு, தலையில் இலை மாலை, பின்கழுத்தை மூடி இறங்கின முடி என்று இருந்தால், அவரேதான்.