அடிமை விலங்கொடித்த அம்மையார்



எங்களுக்குப் பண்ணைக்காடு. காப்பித் தோட்டத்துக் கூலிக் குடும்பம். பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தேன். எங்க வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அரசு தரும் 1000 ரூபாய் மாதாமாதம் என் கணக்கில் ஏறுகிறது. அந்தத் திட்டத்துக்குப் பேர் வைத்திருக்காங்களே, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அவர் யார் என்று அம்மா கேட்டாங்க. முழிச்சேன். பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அம்மையார் பிறந்தது 1883-இல். வளர்ந்தது மயிலாடுதுறை பக்கம் மூவலூரில். வறுமையால் சிறு வயதிலேயே ஒரு தாசி வீட்டுக்கு விற்கப்பட்டார். விலை 10 ரூபாயும் ஒரு பழைய புடவையும். அவ்வளவுதான்! பொட்டு கட்டிய பெண்ணுக்கு ஊரறியக் கல்யாணம் கிடையாது. பணக்காரர் தயவில்தான் பிழைப்பு. அவரோ அந்த வழியில் போகாமல், தனக்குப் பாட்டு கற்றுத்தந்த சுயம்பு பிள்ளையை மணந்தார்.

தான் தப்பித்தால் போதும் என்று இருந்தாரா? இல்லை. முதலில் காங்கிரசிலும், பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கத்திலும் சேர்ந்து, பெண்களுக்குப் பொட்டு கட்டாதீர்கள் என்று மேடை மேடையாகப் பேசினார். 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் மசோதா கொண்டுவந்தபோது, கலை அழியும், வழக்கம் கெடும் என்று பெரிய மனிதர்களே எதிர்த்தார்கள்.

அம்மையார் பேனாவை எடுத்தார். 1936-இல் வந்தது 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' நாவல். உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியதால் அதில் பூச்சு இல்லை. ஐயோ பாவம் என்று அழ மட்டும் வைக்கவில்லை. சொத்தை அழிக்கும் மைனர்களையும், சாமி பேரைச் சொல்லும் வழக்கத்தையும் கேள்வி கேட்டார். அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்த ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861-இல் தன் கதையை எழுதி, அங்குள்ள பெண்களின் மனசாட்சியைத் தட்டினார். தேசம் வேறு, வலி ஒன்றுதானே!

1938 இந்தி எதிர்ப்புப் போரில், 55 வயதில், திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் சென்றார், சிறையும் கண்டார். 1947-இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1962-இல் மறைந்தார்.

1989-இல் அவர் பேரில் தொடங்கியது ஏழைப் பெண்களுக்கான கல்யாண உதவி. 2022-இல் அதுவே படிப்பு உதவியாக மாறியது. பொட்டப்புள்ளைக்குச் சீக்கிரம் கட்டிவைத்துவிடு என்று எங்க வீட்டிலும் சொந்தக்காரங்க சொன்னாங்க. அம்மா கேட்கவில்லை.

10 ரூபாய்க்கு விற்கப்பட்டவர் பேரில் இன்று என் கையில் புத்தகம். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அரியர் வைக்காமல் படி என்றாங்க. தோழிகளே, உங்களுக்கும் அதேதான்!

— இரண்டாமாண்டு மாணவி, மின்னியல் துறை