அன்னி பெசன்ட் அம்மையாரும் பள்ளிச் சாப்பாடும்

காலையில் சாப்பிடாமல் ஸ்கூலுக்குப் போயிருக்கிறீர்களா? பதினோரு மணிக்கே வயிறு கடமுடா என்று சத்தம் போடும். டீச்சர் சொல்வது எதுவுமே மண்டையில் ஏறாது. ஒரு காலத்தில் கிழக்கு லண்டனில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அப்படித்தான் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, எப்போதுமே.

அவர்களுக்காகப் பேசியவர்களில் ஒருவர் அன்னி பெசன்ட் அம்மையார். சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்தில் பெசன்ட் நகர் என்று ஓர் இடம் இருக்கிறது. லீவுக்குப் போனபோது நீங்கள்கூட அங்கே சுண்டல் சாப்பிட்டிருக்கலாம். அந்த பெசன்ட் இவர்தான். ஆனால் இவர் பிறந்தது லண்டனில், 1847 அக்டோபர் 1ஆம் தேதி.

அன்னிக்கு ஐந்து வயதாக இருந்தபோது அப்பா இறந்துபோனார். வீட்டில் பணம் இல்லை. அம்மா ஹாரோவுக்குக் குடிபோய், அங்கே படிக்கும் பையன்கள் தங்க ஒரு விடுதி நடத்தினார். (ஹாரோ இப்போது நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் இடம், இல்லையா?) அன்னிக்கு இருபது வயதில் கல்யாணம் நடந்தது. டிக்பி என்று ஒரு மகன், மேபல் என்று ஒரு மகள். கணவர் ஒரு பாதிரியார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. 1873இல் பிரிந்தார்கள்.

மகன் அப்பாவோடு இருந்தான். மகள் அம்மாவோடு இருந்தாள். ஆனால் அன்னி மனதில் பட்டதைப் பயப்படாமல் எழுதுவார், மேடையில் பேசுவார். அந்தக் கருத்துகள் பலருக்குப் பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட அம்மாவிடம் பிள்ளை வளரக்கூடாது என்று 1878இல் நீதிமன்றம் மேபலையும் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டது. பிள்ளைகள் பெரியவர்களாகி, தாங்களாகவே அம்மாவைத் தேடி வந்தார்கள். அதுவரை அவர் தனியாகத்தான் இருந்தார்.

1888இல் கிழக்கு லண்டனில், போ என்ற இடத்தில், ஒரு பெரிய தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பலர் சின்னப் பெண்கள். சம்பளம் ரொம்பக் குறைவு. அதைவிட மோசம் சாப்பாட்டு விஷயம். தீக்குச்சிக்குப் பூசும் பாஸ்பரஸ் ஒரு விஷம். சாப்பிடத் தனி அறை கிடையாது. அதனால் வேலை செய்த இடத்திலேயே சாப்பிட்டார்கள், விஷமும் ரொட்டியோடு உள்ளே போனது. சிலருக்குத் தாடை எலும்பே அழுகிப்போனது. அன்னி இந்தத் தொழிற்சாலை பற்றித் தன் பத்திரிகையில் எழுதினார். ஜூலை மாதத்தில் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் ஜெயித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, சாப்பிட ஒரு தனி அறை.

அதே வருடம் நவம்பரில் லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் வந்தது. அப்போது பெண்கள் பார்லிமென்ட் தேர்தலில் ஓட்டுப் போடவே முடியாது. ஆனால் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்கலாம். அன்னி டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் நின்றார். 15,000க்கும் மேல் வாக்குகள் வாங்கி முதலிடத்தில் வந்தார்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது தெரியுமா? 1880 முதல் எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் பள்ளிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அப்பா அம்மாவுக்கு அபராதம். அதோடு வாராவாரம் சில காசு ஃபீஸும் கட்ட வேண்டும். பிள்ளை வந்துவிடும், ஆனால் வெறும் வயிற்றோடு வரும். 1889இல் வாரியமே ஒரு கணக்கு எடுத்தது. பசியோடு வரும் பிள்ளைகள் ஏறத்தாழ 44,000 பேர்! நூற்றுக்குப் பதின்மூன்று பேர். அதில் பாதிப் பேருக்குக்கூடச் சாப்பாடு கிடைக்கவில்லை.

சாப்பாடு கொடுக்கத் தர்ம சங்கங்கள் இருந்தன. நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் அவர்களிடம் காசு இருந்தால் சூப்பும் ரொட்டியும் கிடைக்கும். காசு தீர்ந்தால் அதுவும் இல்லை. பசி அப்படி விட்டுவிட்டு வருமா? அன்னி கேட்டது வேறு. பிள்ளை கட்டாயம் பள்ளிக்கு வர வேண்டும் என்று சட்டம் போட்டாயிற்று. அப்படியென்றால் பசியோடு வரும் பிள்ளைக்கு இலவசமாகச் சாப்பாடும் கொடுக்க வேண்டும், டாக்டரும் பார்க்க வேண்டும் என்றார். ஃபீஸையும் எடுத்துவிடச் சொன்னார்.

எதிர்ப்பு நிறைய. ஊர்ப் பணத்தில் பிள்ளைக்குச் சோறு போட்டால் பெற்றோர் பொறுப்பில்லாமல் போய்விடுவார்கள் என்று பெரிய பெரிய ஆட்கள் வாதாடினார்கள். படித்தவர்கள் இப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். வரிப்பணத்தில் சாப்பாடு கொடுக்கச் சட்டமும் இல்லை. 1891இல் பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் ஃபீஸ் போய்விட்டது. சாப்பாடு மட்டும் வரவில்லை. அந்த வருடமே அன்னி வாரியத்தை விட்டுப் போனார். பள்ளிச் சாப்பாட்டுச் சட்டம் வந்தது 1906இல்தான்.

அப்போது அவர் இங்கிலாந்தில் இல்லை. 1893இல் கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கினார். பிறகு சென்னையில் அடையாறு அவருக்கு வீடானது. இந்தியாவுக்கு சுயாட்சி வேண்டும் என்று போராடினார். 1917இல் ஆங்கில அரசு அவரை ஊட்டியில் அடைத்து வைத்தது. அதே வருடக் கடைசியில் காங்கிரஸ் கட்சியின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

சென்னையில் இன்னொன்றும் நடந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. அதைக் கொண்டுவந்தவர் மாநகராட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர். அவர் நீதிக் கட்சிக்காரர். அந்தக் கட்சிக்கும் அன்னிக்கும் அரசியலில் ஆகவே ஆகாது! ஆனாலும் லண்டனில் அன்னி கேட்டதை, அவர் இருந்த ஊரிலேயே செய்தவர் அவர்தான். பிறகு 1956இல் காமராஜர் மதிய உணவைத் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனார்.

அன்னி பெசன்ட் அம்மையார் 1933 செப்டம்பர் 20ஆம் தேதி அடையாறில் காலமானார். வயது 85.

டவர் ஹாம்லெட்ஸில் இன்று ஆரம்பப் பள்ளியில் மட்டும் இல்லை, செகண்டரியிலும் 16 வயது வரை சாப்பாடு இலவசம். என்ன கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தினமும் காய்கறியோ சாலட்டோ தட்டில் இருக்க வேண்டும். எண்ணெயில் பொரித்தது வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது. நாளைக்கு உங்கள் ஸ்கூல் மெனுவை எடுத்து, இந்த இரண்டும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.