மதுவின் பிடியிலிருந்து மீண்ட தொழிலாளி மாட் டால்பட்



ஹெந்தளையில் வாழும் நீங்களும், அவ்வழியே போய்வரும் நீங்களும் அங்குள்ள தொழுநோய் வைத்தியசாலையை அறிவீர்கள். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1708ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது அது. அந்நாளில் ஒருவரது உடலில் தொழுநோயின் அடையாளம் தோன்றினால், வீட்டார் முதலில் அதை மறைத்தனர். மறைக்க முடியாத நாள் வந்தபோது ஊர் அவரை ஒதுக்கியது. நோய் தந்த வேதனையை விட வெட்கம் தந்த வேதனையே பெரிதாக இருந்தது. இன்று தொழுநோய்க்கு மருந்து உண்டு. காலம் தாழ்த்தாமல் வைத்தியரிடம் செல்பவர் முழுமையாகக் குணமடைகிறார். ஆனால் அந்தப் பழைய வெட்கம் நம்மை விட்டு அகலவில்லை. அது இன்று வேறொரு நோயைப் போர்த்தி மறைத்துக்கொண்டிருக்கிறது.

மதுவுக்கு அடிமையான கணவன், ஹெரோயினுக்கோ ஐஸ் என்னும் போதைப்பொருளுக்கோ அடிமையான மகன்: இவர்களைப் பற்றி நம் குடும்பங்கள் வெளியே பேசுவதில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பின்பு, ஒரு தாய் மட்டும் ஆலயத்தில் தங்கியிருப்பார். பங்குகளில் பணியாற்றும் குருக்கள் அனைவரும் அறிந்த காட்சி இது. மகனுக்காகச் செபிக்குமாறு கேட்பார். திருப்பலிக் கருத்து ஒன்று எழுதிக் கொடுப்பார். தேவத்தையில் நேர்த்திக்கடன் வைத்திருப்பதாகச் சொல்வார். ஆனால் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டால் விடயம் வெளியே தெரிந்துவிடுமே என்ற அச்சம் அவரது நாவைக் கட்டிவிடுகிறது.

அந்தத் தாய்க்காகவும் அவருடைய மகனுக்காகவும், மாட் டால்பட் என்னும் எளிய தொழிலாளியின் வாழ்வை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன். அவர் அயர்லாந்து நாட்டவர். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் அவர் இறந்து நூறு ஆண்டுகள் நிறைவெய்தின. ஆயினும் அவருடைய கதை நம் தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் இன்று நடப்பது போலவே இருக்கும்.

பன்னிரண்டு வயதில் தொடங்கிய பழக்கம்

1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி டப்ளின் நகரத்தின் ஏழைக் குடும்பமொன்றில் மாட் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை துறைமுகத்தில் வேலை செய்தவர், அவரும் குடிப்பவர். குறைந்த வருமானம், அடிக்கடி மாறும் வாடகை வீடு, பசியோடு உறங்கும் பிள்ளைகள் என்பதே அந்த வீட்டின் நிலை. பள்ளிக்கூடத்தில் மாட் கற்றது மிகச் சொற்பம். பன்னிரண்டு வயதளவில் அவரை வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வேலை மதுபான வியாபாரி ஒருவரின் களஞ்சியத்தில் கிடைத்தது என்பதே அவர் வாழ்வின் பெருந்துயரம்.

போத்தல்களில் எஞ்சியதைச் சுவைத்துப் பார்க்கத் தொடங்கிய சிறுவன், ஓராண்டு கழியுமுன்பே வெறியோடு வீடு வரலானான். தந்தை அடித்தார். தம் கண்பார்வையில் இருக்கட்டும் என்று தாம் பணியாற்றிய துறைமுகத்திலேயே வேலை எடுத்துக் கொடுத்தார். அங்கோ விஸ்கிக் களஞ்சியம் இருந்தது. தந்தையின் அடியால் மகன் திருந்தவில்லை. மதுவின் வகை மாறியதே மிச்சம். பெற்றோரே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். அடிமைத்தனம் பிடித்த பிள்ளையை அடித்துத் திருத்திய வீடு மிக அரிது.

பின்னர் மாட் கட்டட வேலையில் கல்லும் சாந்தும் சுமக்கும் கூலியாளானார். வேலையில் அவரைக் குறை சொன்னவர் எவருமில்லை. ஆனால் வாரக் கூலி முழுவதும் மதுக்கடைக்கே போனது. பணம் தீர்ந்தபோது காலணியை அடகு வைத்துக் குடித்தார். ஒருமுறை அவரும் தோழர்களும், தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஏழை ஒருவரின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்தனர். அந்த ஏழைக்கு அதுவே சோறு போட்ட கருவி. மாட் கல்நெஞ்சர் அல்லர். நல்ல மனிதனையும் இத்தகைய செயலுக்குக் கொண்டுபோவதே இந்த நோயின் இயல்பு.

கடை வாசலில் ஒரு சனிக்கிழமை

1884ஆம் ஆண்டு. மாட்டுக்கு இருபத்தெட்டு வயது. அந்த வாரம் அவர் வேலைக்குப் போகாததால் கையில் காசில்லை. சனிக்கிழமை கூலி பெற்றுவரும் தோழர்கள் தம்மை அழைத்துச் சென்று குடிக்க வாங்கிக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையுடன் மதுக்கடை அருகே தெருமூலையில் நின்றார். தம் கையில் பணம் இருந்த நாட்களில் அவர்கள் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தவர் அவர். தோழர்கள் வந்தார்கள், முகமன் கூறினார்கள், கடந்து போனார்கள். ஒருவர்கூட அவரை உள்ளே அழைக்கவில்லை.

அந்த அவமானம் அவரைச் சுட்டது. வீட்டுக்குத் திரும்பினார். வழமைக்கு மாறாக வெறியில்லாமல் வந்த மகனைக் கண்டு தாய் வியந்தார். மதுவை விடுவதாக உறுதிமொழி எடுக்கப் போவதாக மாட் தாயிடம் சொன்னார். காப்பாற்றும் எண்ணம் இல்லையென்றால் எடுக்க வேண்டாம் என்று எச்சரித்த அந்தத் தாய், கடவுளின் பெயரால் போய்வருமாறு மகனை வாழ்த்தி அனுப்பினார்.

இத்தகைய உறுதிமொழி அயர்லாந்து மக்களுக்குப் புதிதன்று. அருட்தந்தை தியோபால்ட் மத்தேயு என்னும் கப்புச்சின் துறவி 1838ஆம் ஆண்டு தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்திருந்தனர். மாட் தம் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருந்த கிளான்லிஃப் திருச்சிலுவைக் குருமடத்துக்குச் சென்றார். அங்கு ஒரு குருவிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றார். மூன்று மாதங்களுக்கு மதுவைத் தொடுவதில்லை என்று உறுதியளித்தார்.

மூன்று மாதங்கள் மட்டும்

வாழ்நாள் முழுவதற்கும் உறுதியளிக்கும் துணிவு அவரிடம் அன்று இருக்கவில்லை. மூன்று மாதங்களே அவரால் எண்ணிப்பார்க்க முடிந்த காலம். அதுவும் முடியாது, மீண்டும் குடிக்கத்தான் போகிறேன் என்று தாயிடம் புலம்பிய நாட்கள் உண்டு. ஆனால் மூன்று மாதங்கள் நிறைவுற்றன. பின்னர் ஆறு மாதங்களுக்குப் புதுப்பித்தார். அதன் பின்னரே வாழ்நாள் முழுவதற்கும் உறுதியளித்தார். இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைக் காத்தார்.

எப்படிக் காத்தார் என்பதைக் கவனியுங்கள். மனவலிமையை மட்டும் அவர் நம்பவில்லை. வேலை முடிந்து மதுக்கடைக்குப் போகும் அந்த மாலை நேரமே ஆபத்தானது என்று அறிந்து, அந்நேரத்தில் தொலைவிலுள்ள ஆலயங்களுக்கு நடந்து சென்று செபித்தார். பழைய தோழர்கள் கூடும் இடங்களை விட்டு விலகினார். ஒருமுறை சோதனையில் விழும் நிலைக்கு வந்து மதுக்கடைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். கடைக்காரர் அவரைக் கவனிக்காததால் குடிக்காமல் வெளியே வந்தார். அன்று முதல் சட்டைப் பையில் பணம் வைத்துக்கொள்வதை நிறுத்தினார். தம் பலவீனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அங்கே வேலி போட்டார்.

ஒவ்வொரு நாளும் அதிகாலைத் திருப்பலியில் பங்கேற்று, நற்கருணை உட்கொண்டு, அதன் பின்னரே வேலைக்குச் சென்றார். மதுக்கடைகளில் வைத்திருந்த கடன்களைச் சிறிது சிறிதாக அடைத்தார். பிடிலைப் பறிகொடுத்த ஏழையை நகரமெங்கும் தேடினார். அவரைக் கண்டுபிடிக்க முடியாமற் போனபோது, பிடிலுக்குரிய பணத்தை அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கொடுத்தார். அடிமைத்தனத்திலிருந்து மீள்பவர் தாம் காயப்படுத்தியவர்களையும் தேடிப் போக வேண்டும் என்பதை எவரும் கற்பிக்காமலே அவர் அறிந்திருந்தார்.

மறைந்து வாழ்ந்த தூயவர்

1890ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். பின்னாளில் மரக்காலை ஒன்றில் தொழிலாளியாக இருந்தபோது, ஓய்வு நேரத்தில் மரக்குவியல்களுக்கிடையே முழந்தாளிட்டுச் செபிப்பார். அரைகுறையாக வாசிக்கத் தெரிந்த அவர், புனித அகுஸ்தீனின் நூலையும் புனிதர்களின் வரலாறுகளையும் சொல் சொல்லாகக் கூட்டிப் படித்தார். விளங்காத இடங்களைக் குருக்களிடம் கேட்டறிந்தார். 1913ஆம் ஆண்டு டப்ளின் தொழிலாளர்கள் வேலையிழந்து பட்டினி கிடந்தபோது, தமக்குக் கிடைத்த உதவிப் பணத்தைப் பிள்ளைகுட்டிக்காரர்களுக்குப் பகிர்ந்தளித்தார். விதவையான தம் தாயை 1915ஆம் ஆண்டு அவர் இறக்கும்வரை பேணினார்.

1925ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, மூவொரு கடவுள் பெருவிழாவன்று, திருப்பலிக்குச் செல்லும் வழியில் டப்ளினின் ஓர் ஒழுங்கையில் விழுந்து உயிர்விட்டார். வயது அறுபத்தொன்பது. வைத்தியசாலையில் உடலைக் கழுவியவர்கள், ஆடைக்குள்ளே அவர் சங்கிலிகள் அணிந்திருந்ததைக் கண்டனர். அன்னை மரியாவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்ததன் அடையாளம் அது. ஒருகாலத்தில் மதுவுக்கு அடிமையாயிருந்தவர், இறுதியில் தாமே விரும்பி வேறோர் அடிமைத்தனத்தைத் தேர்ந்துகொண்டார். அந்தக் கடுந்தவம் எல்லாருக்கும் உரியதன்று. அதை நாம் பின்பற்ற வேண்டியதுமில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975ஆம் ஆண்டு அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

நமக்கு அருகிலுள்ள கதவுகள்

அன்பார்ந்தவர்களே, மாட் டால்பட் வைத்தியரிடம் செல்லவில்லையே, செபத்தால்தானே குணமடைந்தார் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அவர் காலத்தில் ஏழைக் கூலியாள் ஒருவருக்கு இதற்கான சிகிச்சை எதுவும் இருக்கவில்லை. அவருக்கு அருகே திறந்திருந்த கதவுகள் தாயின் வீடும் குருமடமும் ஆலயமும் மாத்திரமே. அவை அனைத்தையும் அவர் தட்டினார். அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின்பு, 1935ஆம் ஆண்டு, அமெரிக்காவில் குடியிலிருந்து மீண்டோர் ஒருவரையொருவர் தாங்கும் சங்கம் தோன்றியது. 1939ஆம் ஆண்டு அங்கே அருட்சகோதரி இக்னேஷியா, கத்தோலிக்க வைத்தியசாலை ஒன்றில் குடிநோயாளரைச் சேர்க்கத் தொடங்கினார். மாட் பிறந்து நூறாண்டுகள் கழித்து, 1956ஆம் ஆண்டில், குடிநோயாளரை ஏனைய நோயாளரைப் போலவே வைத்தியசாலைகள் ஏற்க வேண்டும் என அமெரிக்க மருத்துவச் சங்கம் அறிவித்தது. மாட்டுக்குக் கிடைக்காத கதவுகள் இன்று நமக்குத் திறந்திருக்கின்றன. அவற்றைத் தட்டாமலிருப்பது விசுவாசம் ஆகாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென முற்றாக நிறுத்தினால், கைநடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, தியானத்தில் உறுதிமொழி எடுத்த அன்றே அவரை வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அந்த முதல் நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க மருந்துகள் உண்டு.

எங்கே போவது? தேவத்தை அன்னையைத் தரிசிக்க நீங்கள் செல்லும் அதே ராகமையில் போதனா வைத்தியசாலையும் அதன் மனநலப் பிரிவும் உள்ளன. அங்கொடையில் தேசிய மனநல நிறுவகம் உண்டு. 1926 என்ற இலக்கத்தில் அதனுடன் பேசலாம். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, போதைக்கு அடிமையானோருக்கு ஆலோசனையும் தங்கியிருந்து பெறும் சிகிச்சையும் வழங்குகிறது. அதன் உதவி இலக்கம் 1927. கொழும்பில் இலங்கை சுமித்திரயோ அமைப்பின் மெல் மெதுரவும் இப்பணியைச் செய்கிறது. தனியார் நிலையத்தை நாடுவதாயின், அது அனுமதி பெற்றதா, வைத்தியர் இருக்கிறாரா, வீட்டார் சென்று பார்க்கலாமா என்று முதலில் விசாரியுங்கள். அடித்தும் பூட்டியும் வைக்கும் இடம் சிகிச்சை நிலையம் அன்று.

சிகிச்சை பெற்றவர் மீண்டும் ஒருமுறை விழுந்தால் மனம் தளர வேண்டாம்; அவரை ஏளனம் செய்யவும் வேண்டாம். மறுபடியும் அழைத்துச் செல்லுங்கள். மூன்று மாதங்கள், பின்னர் ஆறு மாதங்கள் என்று படிப்படியாக மாட் ஏறியதை நினைவிற்கொள்ளுங்கள். திரும்பி வருபவருக்கு மாலை நேரத்தில் போக ஓர் இடமும் பேச ஒரு துணையும் தேவை. நம் பங்குகளும் அன்பியங்களும் அதைத் தரக்கூடாதா?

கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து, இயேசுவின் முன் இறக்கிய நிகழ்வை நாம் அறிவோம். அந்த நோயாளி தாமாக நடந்து வரவில்லை, வரவும் முடியாது. சுமந்தவர்களின் விசுவாசத்தை ஆண்டவர் கண்டார். மாட் டால்பட்டின் தோழர்கள் தெருமூலையில் அவரைக் கடந்து போனார்கள். நம் வீட்டிலும் நம் ஒழுங்கையிலும் நிற்பவரை நாமும் கடந்து போகப் போகிறோமா, அல்லது கட்டிலின் ஒரு காலைப் பிடிக்கப் போகிறோமா?

இவ்வாரம், வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, உங்கள் பங்குத்தந்தையிடமோ வைத்தியரிடமோ அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். வணக்கத்துக்குரிய மாட் டால்பட்டின் மன்றாட்டு உங்கள் குடும்பத்துக்குத் துணை நிற்பதாக.