சிங்கையில் பிறந்தார், சிலாங்கூரில் உயர்ந்தார்

தைப்பூசம் என்றதும் மலேசியத் தமிழர்களுக்குப் பத்துமலைதான் நினைவுக்கு வரும். அந்தக் குகையில் முருகனுக்குக் கோயில் கண்டவர் நம் பல்கலைக்கழகம் இருக்கும் இதே சிங்கையில் பிறந்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் தம்புசாமி பிள்ளை.

1850-இல் பிறந்த அவர், ராபிள்ஸ் கல்வி நிலையத்தில் ஆங்கிலம் கற்று, டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் எழுத்தராகச் சேர்ந்தார். 1875-இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டபோது தம்புசாமியையும் கிள்ளானுக்கு அழைத்துச் சென்றார். சுவா சூ காங்கில் தங்கிப் படிக்கும் நான் ஊருக்குப் போக உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டினால் போதும். அவர் காலத்தில் அந்தப் பாலம் இல்லை. கடல் வழியாகத்தான் போக வேண்டும்.

அரசாங்கக் கருவூலத்தில் தலைமை எழுத்தராக உயர்ந்த அவர், மாநிலப் பொருளாளர் பொறுப்பையும் தற்காலிகமாக வகித்தார். பிறகு வேலையை விட்டுத் தொழிலில் இறங்கினார். 1880-இல் மாநிலத் தலைநகரான கோலாலம்பூர் அப்போது ஈயத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர்தான். சீனத் தொழிலதிபர் லோக் இயூவுடன் கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் சுரங்கம் நடத்தினார். ஈயச் சுரங்கத்தின் பெரும் பகை, குழியில் ஊறும் நீர். அதை இறைக்க மலாயாவில் முதன்முதலாக மின்சார இயந்திரத்தைப் பயன்படுத்தியது இவர்கள் சுரங்கம்தான்!

தேர்தலும் சட்டமன்றமும் இல்லாத காலம் அது. சாலை, சாக்கடை, சந்தை போன்ற ஊர்க் காரியங்களைச் சுகாதார வாரியம் கவனித்தது. அதில் அவர் உறுப்பினராக இருந்தார். 1893-இல் விக்டோரியா கல்வி நிலையம் உருவானபோதும் முன்னின்றார். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவரும் அவரே. பத்துமலையில் 1891-இல் முருகன் சிலை வைக்கப்பட்டது. மறு ஆண்டே தைப்பூசம் தொடங்கியது.

இன்னொரு பக்கமும் உண்டு. இரயில் பாதை வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆள் வரவழைத்ததிலும் அவருக்குப் பங்கு இருந்தது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப் பள்ளி வழியாக இங்கே வந்த என்னைப் போன்றவர்கள் பலர், அப்படி வந்த தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் வெயிலில் உழைத்தார்கள், அவர் செல்வரானார். இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தொழிலாளி காவடி தூக்கிச் சென்று நின்ற சன்னிதியும் அவர் முயற்சியால் வந்ததே. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை மதிப்பிட வேண்டும்.

1902-இல் பிறந்த மண்ணான சிங்கப்பூரிலேயே காலமானார். கோலாலம்பூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. ஆங்கிலமும் பதவியும் அவருக்குக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு தன் மக்களுக்கும் சிலவற்றைச் செய்தார். பட்டம் பெற்று வெளியேறும் நாம் என்ன செய்யப் போகிறோம், நண்பர்களே?