ஐந்து ஆழாக்கு அரிசிக் குடில்

ஜப்பானின் மேற்குக் கரையில், நீகாதா மாநிலத்தில், குகாமி என்றொரு மலை உள்ளது. அதன் உயரம் 313 மீட்டர்தான். இமயத்தைத் தரிசித்த கண்களுக்கு அது ஒரு குன்றாகவே தோன்றும். ஆனால் அதன் சரிவுகளில் ஓங்கி வளர்ந்த மரங்கள் பகலிலும் நிழலைப் பரப்புகின்றன. பனிக்காலத்தில் கடற்காற்று கொண்டுவந்து கொட்டும் பனியில் ஒற்றையடிப் பாதைகள் மறைந்துபோகும். அந்தக் காட்டினுள் கொகுஜோ-ஜி என்ற பழைமையான ஆலயமும், அதிலிருந்து சற்றுக் கீழே கூரை வேய்ந்த ஒரு சிறு குடிலும் இருக்கின்றன.

குடிலின் பெயர் கோகோ-அன். 17-ஆம் நூற்றாண்டில் மான்கென் என்ற துறவி அந்த ஆலயத்தின் பிரதான மண்டபத்தைப் புதுப்பிக்க அரும்பாடுபட்டார். முதுமையில் அவர் ஒதுங்கியிருக்க ஆலயத்தார் ஒரு குடிலை அளித்து, நாளொன்றுக்கு ஐந்து ‘கோ’ அரிசியும் ஒதுக்கினர். ஒரு கோ என்பது ஏறத்தாழ நம் ஆழாக்கு. ஐந்து ஆழாக்கு அரிசிக் குடில் என்பதே அந்தப் பெயரின் பொருள். மான்கென் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கு வந்து தங்கிய மற்றொரு துறவியால்தான் அந்தக் குடில் உலகின் நினைவில் நின்றது. அவர் ரியோகான். குடிலின் பெயரில் அரிசி இருந்ததே தவிர, அவருடைய நாள்கள் பிட்சைப் பாத்திரத்தை நம்பியே நகர்ந்தன.

ரியோகான் 1758-இல் எச்சிகோ பகுதியின் இசுமோசாகி என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். சாடோ தீவின் சுரங்கங்களில் எடுக்கப்பட்ட தங்கம் கரையிறங்கிய துறைமுகம் அது. அவர்களுடைய குடும்பம் பரம்பரையாக ஊர்த் தலைமைப் பொறுப்பையும் ஆலயப் பொறுப்பையும் வகித்துவந்தது. தந்தை கவிஞர். மூத்த மகனான எய்சோ, அதாவது பின்னாளைய ரியோகான், கன்பூசிய நூல்களை முறையாகக் கற்று, தந்தைக்குப் பின் ஊர்த்தலைவராக வேண்டியவர். ஆனால் 18 வயதளவில் அவர் வீட்டைவிட்டு வெளியேறி அருகிலிருந்த ஜென் மடத்தில் சேர்ந்துவிட்டார். காரணம் என்ன என்பது பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. அதிகாரிக்கும் மீனவர்களுக்கும் இடையே சமரசம் பேசப்போய், இரு தரப்பினர் சொன்னதையும் ஒளிவுமறைவின்றி அப்படியே மறுதரப்பிடம் ஒப்பித்துச் சண்டையைப் பெரிதாக்கினார் என்பது அவற்றுள் ஒன்று. அது உண்மையோ இல்லையோ, ஊராள்வதற்கு வேண்டிய சாமர்த்தியம் அவரிடம் இல்லை என்பதை அந்தக் கதை நன்றாகவே காட்டுகிறது. தலைமைப் பொறுப்பு தம்பியின் தோளில் ஏறியது.

1779-இல் கொகுசென் என்ற சோட்டோ ஜென் மரபின் ஆசாரியர் அந்த மடத்திற்கு வருகை தந்தார். அவரைக் கண்ட மாத்திரத்தில் ரியோகான் அவரைத் தம் குருவாக ஏற்று, தென்மேற்கே வெகு தொலைவிலுள்ள தமாஷிமாவின் என்ட்சூ-ஜி மடத்திற்குப் பின்தொடர்ந்தார். அங்கே பத்து ஆண்டுகளுக்கு மேல் தியானம், உடலுழைப்பு, பிட்சை, சாத்திரப் பயிற்சி என்று காலம் கழிந்தது. நம் ‘தியானம்’ என்ற சொல்லே சீனத்தில் சான் என்றும் ஜப்பானில் ஜென் என்றும் உருமாறியது. அந்த மரபில் அமர்ந்து தியானிப்பதையே சாதனையின் உயிராகக் கொண்டது சோட்டோ பிரிவு. ரியோகானைப் பற்றிப் பேசுவோர் அவரைக் குழந்தைகளோடு விளையாடிய வெள்ளை மனத்தவராக மட்டுமே சித்திரிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த எளிமைக்குப் பின்னால் இருந்த இந்தக் கடுமையான ஆண்டுகளை மறந்துவிட்டால், அவர் வெறும் அப்பாவியாகத்தான் தெரிவார். அவர் மடத்தில் இருந்தபோதே, 1783-இல், அவருடைய தாயார் காலமானார்.

1790-இல் கொகுசென் தம் சீடரின் ஞானத்தை அங்கீகரித்துச் சான்றளித்தார். அத்தகைய சான்று பெற்றவர் ஒரு மடத்தின் தலைவராவது இயல்பு. மறு ஆண்டு குரு மறைந்தார். ரியோகானோ எந்த மடத்தையும் ஏற்கவில்லை. ஓடும் கைத்தடியுமாகப் பரிவ்ராஜகராகப் புறப்பட்டுவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் எங்கெங்கு சென்றார் என்பதற்கு அதிகச் சான்றுகள் இல்லை. 1795-இல் அவருடைய தந்தை கியோட்டோவில் கத்சுரா ஆற்றில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகே ரியோகான் எச்சிகோவுக்குத் திரும்பினார்.

பிறந்த ஊருக்குத் திரும்பிய அவர் பிறந்த வீட்டுக்குச் செல்லவில்லை. கடற்கரையில் ஆளின்றிக் கிடந்த ஒரு குடிசையில் தங்கினார். யாரோ ஒரு பிட்சு என்றே அக்கம்பக்கத்தார் நினைத்தனர். அன்றாடத் தேவைக்கு மேல் கிடைத்த உணவை அவர் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் அளித்துவிடுவதைக் கண்டு வியந்தனர். ஒரு நாள், அவருடன் இளமையில் கற்ற ஒருவர் அந்தக் குடிசைக்கு வந்தார். கதவு தாழிடப்படவில்லை; உள்ளே யாரும் இல்லை. எழுதுவதற்கு ஒரு சிறு மேசை, சமைக்க ஒரு மண்சட்டி, சுவர் நிறையக் கவிதைகள். கையெழுத்தைப் பார்த்ததும் அது எய்சோவின் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. செய்தி குடும்பத்தை எட்டியது. உறவினர் அழைத்தும் அவர் வீடு திரும்பவில்லை.

குகாமி மலைக் குடிலில் அவர் முதலில் தங்கியது ஏறத்தாழ 1797-இல். அந்த ஆலயம் ஷிங்கோன் என்ற வேறொரு பௌத்தப் பிரிவைச் சேர்ந்தது. ஆயினும் ஆலயத்தார் ஜென் துறவிக்கு இடமளித்தனர். குடில் அவருக்குச் சொந்தமன்று. ஓய்வுபெற்ற ஆலயத் தலைவருக்கு அது தேவைப்பட்டபோது மறுபேச்சின்றிக் காலிசெய்து, சில ஆண்டுகள் அங்குமிங்கும் தங்கினார். 1805 அளவில் மீண்டும் வந்தவர், 1816 வரை அங்கேயே நிலைத்தார். அவருடைய வாழ்வின் நடுப்பகுதி முழுவதும் அந்த ஓர் அறைக்குள் அடங்கிவிட்டது எனலாம்.

காட்டுக் குடில் வாழ்க்கை என்றதும் ஓடையும் பறவையும் நிலவும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ரியோகானின் கவிதைகளில் அவை உண்டு. குளிரும் பசியும் உண்டு. மழை விடாது பெய்யும் இரவின் தனிமை உண்டு. பனியில் சிக்கி மாதக்கணக்கில் மனித முகம் காணாத ஏக்கம் உண்டு. ஞானச் சான்று பெற்ற ஒருவர் தமக்குத் தனிமை வருத்துகிறது என்று எழுதிவைத்திருப்பது சிலருக்குக் குறையாகத் தோன்றலாம். உண்மையில் அந்தக் கவிதைகளின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. தம்மிடம் இல்லாத அமைதியை அவர் ஒருபோதும் காட்டிக்கொள்ளவில்லை. குடிலில் வைராக்கியத்தோடு அமர்ந்தார், சுள்ளி பொறுக்கினார், தண்ணீர் சுமந்தார், வானம் வெளுத்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மலையிறங்கினார்.

மலையிறங்கியதுதான் முக்கியம். நம் சாதுக்களின் மாதுகரி பிட்சையைப் போல, வீட்டுக்குச் சிறிதாக அரிசி பெறுவது அவர் வழக்கம். கொடுத்தவர்கள் செல்வர்கள் அல்லர். விளைந்த நெல்லின் பெரும்பகுதியை வரியாகச் செலுத்திவிட்டு மிஞ்சியதில் உண்ட விவசாயிகள். அவர்களுக்கு அவர் உபதேசம் செய்யவில்லை. அவர்களுடைய குழந்தைகளோடு விளையாடினார். அங்கியின் கைப்பையில் எப்போதும் நூல்பந்துகள் இருக்கும். பிட்சைக்குப் புறப்பட்டவர் வழியில் பிள்ளைகளோடு பந்தாடத் தொடங்கிப் பாத்திரத்தை மறந்துபோவார். ஒருமுறை கண்ணாமூச்சி ஆட்டத்தில் அவர் ஒளிந்துகொண்டார்; பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டனர். மறுநாள் காலையில் அங்கு வந்த ஒரு பெண் அவரைக் கண்டு திடுக்கிட, தம்மைக் காட்டிக்கொடுத்துவிடாதபடி மெல்லப் பேசும்படி அவர் வேண்டினாராம்.

இந்தக் கதை எல்லோரையும் சிரிக்க வைக்கிறது. இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. அந்நாளில் பெரியம்மை எச்சிகோவின் கிராமங்களில் குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. குழந்தையை இழந்த பெற்றோருக்காக ரியோகான் எழுதிய கவிதைகள் எஞ்சியுள்ளன. வசந்தத்தில் தம்மோடு பந்தாடிய பிள்ளை அடுத்த வசந்தத்தில் இருக்குமா என்பது தெரியாத ஊர்களில்தான் அவர் விளையாடினார்.

மலைக்குடில் அவரைக் குடும்பத் துயரத்திலிருந்தும் காக்கவில்லை. 1810-இல் ஊர்த்தலைவரான தம்பி பொதுப்பணத்தைக் கையாண்டதாகத் தீர்ப்பாயிற்று. சொத்துகள் பறிமுதலாயின, அவர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். தலைமுறைகளாகத் தழைத்த வீடு அழிந்தது. மூத்தவர் துறவறம் பூணாதிருந்தால் இது நேர்ந்திருக்குமா? நிர்வாகத் திறன் இல்லாத அவர் அந்த வீட்டை இன்னும் விரைவாகவே இழந்திருப்பார் என்று கருத இடமுண்டு. ஆயினும் அந்தக் கேள்வி ஊராரின் மனத்தில் எழாதிருந்திருக்காது, அவருடைய மனத்திலும்தான். தம்பிக்கு அவர் எழுதிய கவிதைகளில் கண்டனம் இல்லை, பாசமே உள்ளது.

தம்பி மகன் ஒருவன் தீயொழுக்கத்தில் வீழ்ந்த கதையும் வழங்கிவருகிறது. அவனைத் திருத்தும்படி வீட்டார் ரியோகானை வரவழைத்தனர். வந்தவர் மூன்று நாள் தங்கினார். அவனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. புறப்படும்போது தம் வைக்கோல் செருப்பின் வாரைக் கட்டிவிடும்படி அவனைக் கேட்டார். குனிந்து கட்டிக்கொண்டிருந்தவன் மேல் ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தான், பெரியப்பாவின் கண்களில் நீர். அவர் எழுந்து நடந்தார். அன்றிலிருந்து அவன் மாறினான் என்பர்.

அவர் அவ்வப்போது தங்கிச் சென்ற கெரா என்ற குடும்பத்தின் மகன், சிறுவயதில் தான் கண்டதைப் பிற்காலத்தில் குறிப்பாக எழுதிவைத்தார். அவரது கூற்றுப்படி, ரியோகான் வீட்டில் சாத்திரம் பேசியதுமில்லை, நல்லொழுக்கம் போதித்ததுமில்லை. சமையலறையில் அடுப்பெரிப்பார், அல்லது கூடத்தில் தியானத்தில் அமர்ந்திருப்பார். இரண்டு இரவு அவர் தங்கிச் சென்றால், பெரியவர் சிறியவர் அனைவரும் ஒருவரோடொருவர் இணங்கியிருப்பர். அவர் போன பின்னும் சில நாள் அந்த இணக்கம் வீட்டில் தங்கியிருக்குமாம். ஒரு மகானைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளில் இதைவிட நம்பத்தகுந்தது அரிது. அற்புதம் எதையும் அது கோரவில்லை.

அவருடைய எழுத்துக்கலையைச் செல்வர்கள் தேடிவந்து கேட்டனர். அவர் பெரும்பாலும் நழுவிவிடுவார். ஒரு சிறுவன் காகிதத்தோடு வந்து, பட்டம் செய்ய வேண்டும் என்றதும் உடனே தூரிகையை எடுத்தார். வானில் பெருங்காற்று வீச வேண்டும் என்னும் பொருளில் அவர் எழுதிய நான்கு எழுத்துகள் இன்று ஜப்பானின் அரும்பொருள்களுள் ஒன்று.

1816-இல், 58 வயதில், அவர் கோகோ-அன்னைவிட்டு இறங்கினார். விறகு சுமக்கவும் செங்குத்தான பாதையில் ஏறவும் உடல் ஒத்துழைக்கவில்லை. மலையடிவாரத்தில் ஒதோகோ கோயிலருகே ஒரு குடிலில் பத்து ஆண்டுகள் கழிந்தன. 1826-இல் அதுவும் இயலாமற்போக, ஷிமாசாகி கிராமத்தில் கிமுரா குடும்பத்தார் தம் வீட்டையொட்டிய சிறு கட்டடத்தை அளித்தனர். காட்டுக்குப் பழகியவருக்கு ஊர் நடுவில் இருப்பது எளிதாக இருக்கவில்லை. பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வதும் ஒரு துறவுதான். மலைக்குடிலில் கைவராத பாடம் அது. 1827-இல் தெய்ஷின் என்ற இளம் பிட்சுணி அவரைத் தேடிவந்தார். அவருக்கு வயது 29, ரியோகானுக்கு 69. குருவும் சீடருமாகக் கவிதைகளால் உரையாடிக்கொண்டனர்.

1828 டிசம்பரில் சான்ஜோ நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தையும் ரியோகான் கவிதைகளில் பதிவுசெய்தார். 1830-இல் கடும் வயிற்றுப்போக்கு அவரைப் பற்றியது. தெய்ஷின் பனியில் நடந்து வந்து பணிவிடை செய்தார். 1831 பிப்ரவரி 18 அன்று ரியோகான் அமர்ந்தபடியே உயிர் நீத்தார் என்பர். ஷிமாசாகியில் அவருடைய சமாதி உள்ளது.

அவர் தம் வாழ்நாளில் நூல் எதையும் வெளியிடவில்லை. வீடுகளிலும் மடங்களிலும் சிதறிக்கிடந்த கவிதைகளைத் தேடித் திரட்டிய தெய்ஷின், 1835-இல் தாமரைமேல் பனித்துளி என்று பொருள்படும் பெயரில் ஒரு தொகுப்பை முடித்தார். சோமா கியோஃபு என்ற எழுத்தாளர் 1918-இல் எழுதிய வரலாற்று நூலால் ரியோகானின் பெயர் நாடெங்கும் பரவியது. 1968-இல் நோபல் பரிசு பெற்றபோது கவாபாத்தா யாசுனாரி ஆற்றிய உரையிலும் அவர் இடம்பெற்றார்.

கோகோ-அன் காலத்தால் சிதைந்தது. இன்று யாத்திரிகர்கள் காண்பது 1914-இல் அதே காட்டில் மீண்டும் கட்டப்பட்ட குடில். நாடு முழுவதும் அவரை அறிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அது எழுந்துவிட்டது. ஓர் அறை, வேய்ந்த கூரை, பழைய பெயர்.