புதியவரைப் பழக்கும் பொறுப்பு

ஆஸ்பத்திரியாயினும் ஆலையாயினும் கச்சேரியாயினும், புதிதாக வேலையில் அமர்ந்தவர் பிழை செய்தால் பழி முழுவதையும் அவர் தலையிலேயே சுமத்துவது உலக வழக்கம். அவருக்குத் தொழிலைக் கற்பிக்கக் கடமைப்பட்டவர் யார், அக்கடமை நிறைவேறிற்றா என்று விசாரிப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

1820ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்தில் செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பமொன்றில் பிறந்த அம்மையார், குடும்பத்தார் தடுத்தும் தாதித் தொழிலை மேற்கொண்டார். 1854ல் கிரிமியா யுத்தத்தின்போது 38 தாதியருடன் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குச் சென்றார். அவர்களுள் சிலரைத் தகுதியின்மையால் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இரக்கம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பது அங்கே தெளிவாயிற்று.

ஜனங்கள் நன்றியறிதலுடன் அளித்த சுமார் 45,000 பவுனைக்கொண்டு, 1860ல் லண்டன் ஸெயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. மாணாக்கியருக்கு ஓராண்டுப் பயிற்சி; உணவு, உறையுள், உடையுடன் 10 பவுன் உதவித் தொகையும் உண்டு. மேட்ரன் ஸ்ரீமதி வார்ட்ரோப்பர் ஒவ்வொருவருடைய நேரந் தவறாமை, சுத்தம், நம்பகம், தொழில் திறன் ஆகியவற்றை மாதந்தோறும் பதிந்து வரவேண்டுமென்பது ஏற்பாடு.

நோயால் பெரும்பாலும் வீட்டிலேயே கிடந்த அம்மையார், பள்ளியைப் பிறர் பொறுப்பில் விட்டிருந்தார். 1871-72ல் விசாரித்தபொழுதோ உண்மை வெளிப்பட்டது. உபந்நியாசம் செய்யவேண்டிய வைத்தியர் அதைக் கைவிட்டிருந்தார். வார்டுகளில் மாணாக்கியர் வேலையாட்களாகவே நடத்தப்பட்டனர். பதிவேடு இருந்தது, பாடம் இல்லை.

அம்மையார் அப்பெண்களைக் குறை கூறவில்லை, மேலிருந்தோரைத் திருத்தினார். வேறு வைத்தியர் நியமனம் பெற்றார். விடுதியில் படிப்பைக் கவனிக்கத் தனியே ஒரு சகோதரி அமர்த்தப்பட்டார். 1872 முதல் மாணாக்கியருக்கு அம்மையார் பொதுக் கடிதங்கள் எழுதிவந்தார். அவர்களை ஒவ்வொருவராகத் தம் இல்லத்துக்கு வரவழைத்துப் பேசிக் குறிப்பெடுத்தார். வெளியூர் ஆஸ்பத்திரிகளில் பதவியேற்றோருக்குக் கடித மூலம் யோசனையும் ஊக்கமும் அளித்தார்.

அவரிடமும் குறையுண்டு. 1868ல் சிட்னிக்கு அனுப்பிய லூசி ஆஸ்பர்னிடம், தூரத்திலிருந்தவாறே நம்பிக்கை இழந்தார். ஆயினும் அந்த மாது அங்கே பல ஆண்டுகள் நிலைத்து நின்று அரும்பணி ஆற்றினார். நேரிற் காணாத மேற்பார்வை எத்துணை எளிதில் தவறும் என்பதற்கு இதுவும் சான்று.

1907ல் ஆர்டர் ஆப் மெரிட் விருதைப் பெற்ற முதற் பெண்மணியாகிய அம்மையார், 1910 ஆகஸ்டு 13ல் காலமானார். கைவிளக்கோடு நோயாளிகளைச் சுற்றிவந்த காட்சியையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. புதியவள் தவறியபோது அந்த விளக்கை மேலதிகாரியின் பக்கம் திருப்பிப் பார்த்த நேர்மையையே நாம் பெரிதாக மதிக்கிறோம். ஆட்களை நியமிக்கும் அதிகாரம் படைத்தோர் யாவரும், பதிவேட்டைப் புரட்டுமுன் தம்மைத் தாமே ஒருமுறை விசாரித்துக் கொள்வாராக.