பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

1883-இல் திருவாரூரில் பிறந்த இராமாமிர்தத்தை, சிறுமியாக இருந்தபோதே மூவலூரில் ஒரு தேவதாசியிடம் விற்றவர் அவரைப் பெற்ற தாய். விலை, பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும். வறுமை தாளாமல் தந்தை முன்பே சென்னைக்குப் போய்விட்டிருந்தார். மனிதக் கடத்தல் என்றதும் முகமறியாத அந்நியனும் இரவில் விரையும் வாகனமும் பூட்டிய அறையுமே நம் மனக்கண்ணில் எழுகின்றன. இந்த விற்பனையில் அவை எதுவும் இல்லை. கொடுத்தவர் தாய், பெற்றவர் வளர்ப்புத்தாய் என்னும் பெயர் பூண்டவர், சாட்சியாக நின்றது ஊர்.

அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. சிறுமியரைப் பரத்தைமைக்காக விற்பதையும் வாங்குவதையும் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 372, 373 ஆகிய பிரிவுகளில் குற்றமாக்கியிருந்தது. இராமாமிர்தம் கைமாறியபோது அப்பிரிவுகள் நடைமுறைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. ஆயினும் பொட்டுக்கட்டுதலைச் சடங்கென்றும், விலைக்கு வாங்கிய பிள்ளையை வளர்ப்பு மகளென்றும், பின்வரும் வாழ்க்கையைக் குலத்தொழிலென்றும் அழைத்த ஊரில் புகார் கொடுக்க யார் வருவார்? விற்பனைக்கு வேறு பெயர் சூட்டப்பட்டிருந்தது. அப்பெயரை உரித்தெறிவதே இராமாமிர்தத்தின் வாழ்நாள் வேலையாயிற்று.

இசையும் நடனமும் கற்று வளர்ந்த அவர், தமக்கு விதிக்கப்பட்ட வாழ்வை மறுத்து, தம் இசை ஆசிரியரான சுயம்பு பிள்ளையைத் துணைவராக ஏற்றார். ஊர் ஊராகச் சென்று, பொட்டுக்கட்டாதீர்கள் என்று தம் மக்களிடமே பேசினார். தரகரும் மிராசுதாரரும் மட்டுமல்லர், சில தாய்மாரும் பாட்டிமாரும்கூட அவரைப் பகைத்தனர். காங்கிரசில் தொண்டாற்றியவர், 1925-இல் பெரியார் அக்கட்சியை விட்டு வெளியேறியபோது தாமும் வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்தில் நின்றார்.

சட்டமன்றத்தில் இதே போரை நடத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1929-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தைச் சட்டம் பயிலும் மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். தேவதாசிகளின் இனாம் நிலங்கள் கோயில் ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். நிலம் நிலைக்க அடுத்த தலைமுறையிலும் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்ட வேண்டும். அத்திருத்தம் இந்தப் பிணைப்பை அறுத்து, ஊழியக் கடமையின்றியே நிலத்தை அப்பெண்களுக்கு உரியதாக்கியது. மீட்கப்பட்டவர் எதை உண்டு வாழ்வார் என்னும் வினாவுக்கு இவ்வளவு நேராக விடை சொன்ன சட்டங்கள் நம்மிடம் குறைவு. பொட்டுக்கட்டுதலையே தடைசெய்ய அவர் முயன்ற மசோதாவோ நிறைவேறவில்லை.

1936-இல் இராமாமிர்தம் 'தாசிகளின் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' என்னும் நாவலை வெளியிட்டார். அதில் அத்தொழிலின் உள்ளறைகள் திறந்து காட்டப்படுகின்றன. பயிற்சி, பேரம், கடன், பக்தி எல்லாம் ஒரே கணக்கேட்டின் வரவு செலவாகின்றன. நூலின் சினம் பல இடங்களில் வலையை விரித்தவர்களை விட்டு, வலைக்குள் இருக்கும் பெண்கள்மீதே பாய்கிறது. தலைப்பே அப்படித்தான் இருக்கிறது. அதை உறுத்தலோடுதான் படிக்கிறோம். எனினும் உள்ளிருந்து வந்த சாட்சியம் என்ற வகையில் அதற்கு ஈடான வேறொரு நூலை நாம் கண்டதில்லை.

1938-இல் இந்தி எதிர்ப்புப் படையினரோடு திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்தார். மறியல் செய்து சிறை சென்றார். அப்போது அவருக்கு வயது 55. பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் வந்தது. 1949-இல் பெரியாரைப் பிரிந்து தி.மு.க.வில் சேர்ந்த அவர், 1962-இல் மறைந்தார்.

இசை வேளாளர் சமூகத்தவரான அவரைப் பற்றித் தலித் உரிமைத் தளத்தில் எழுதுவானேன் எனச் சிலர் கேட்கக்கூடும். தமிழகத்தின் வட எல்லையில் அருந்ததியர் சிறுமியரை மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்துவிடவில்லை. பெரிய கோயில்களின் தேவதாசிகளைக் கண்ட சீர்திருத்தம், சேரியின் சிறுமியைக் காணவில்லை. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடுவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(k) பிரிவில் குற்றமெனச் சேர்த்ததே 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். கடத்தப்பட்டவரின் இசைவு பொருட்படுத்தத்தக்கதல்ல என்று இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா 143-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் மாத்தம்மாவுக்கு விடப்பட்ட சிறுமியானாலும், செங்கற்சூளையில் முன்பணத்துக்கு ஈடாக நிற்கும் குடும்பமானாலும், விருப்பப்பட்டுத்தானே வந்தார்கள் என்னும் சொல்லை நாம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று முதல் தகவல் அறிக்கையிலேயே எழுதவைப்பதற்கு நாம் போராட வேண்டியிருக்கிறது.

1989-இல் தமிழக அரசு ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அம்மையாரின் பெயரைச் சூட்டியது. பின்னாளில் அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-இல் அது, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. நம் வாசகிகளில் சிலர் அதைப் பெற்றுக்கொண்டுதான் கல்லூரிக்குச் செல்கிறார்கள்.